மங்களம் பாடாத ஜெர்மன் வாத்தியார்

சென்ற சனிக்கிழமை குற்றாலத்தில் ஒரு பியானோ கச்சேரிக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் பியானோவா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

தென்காசி வக்கீல் நண்பர் ஒருவருக்கு அங்கே சீசன் பங்களா இருக்கிறது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பியானோவை ஏலத்தில் எடுத்து அங்கே வைத்திருக்கிறார். அவர் மகளுக்கு அதைக் கற்றுக் கொடுப்பவர் ஒரு ஜெர்மன் வாத்தியார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். சொந்தமாகச் சங்கீதம் எழுதுகிறவர் – நம் பாஷையில் சாகித்தியகர்த்தா. ஒரே வித்தியாசம், இவருடைய சாகித்தியத்தில் வார்த்தையே கிடையாது.

ஜெர்மனியில் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்தவர். மனைவி யூத வம்சம். புதிதாக வந்த சர்க்காருக்கு அது ஆகவில்லை, வேலை போயிற்று. இங்கே மலையில் எஸ்டேட் வைத்திருந்த உறவினர் ஒருவரை நம்பி இருவரும் கப்பலேறினார்கள். வந்து பார்த்தால் அவர் எஸ்டேட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். வக்கீல்தான் பங்களா அவுட்ஹவுஸில் இடம் கொடுத்தார். அதுவும் சீசன் முடிகிற வரைக்கும். அதற்குப் பிறகு பங்களாவைப் பூட்டிவிடுவார்கள். திரும்பிப் போவதற்கோ ஊர் இல்லை...

தென்காசியில் ஒரு மியூசிக் கிளாஸ் வைத்துக் கொடுத்தால் இருவரும் பிழைத்துக் கொள்வார்கள் என்பது வக்கீலின் யோசனை. அதற்குப் பெரிய மனிதர்கள் சம்மதிக்க வேண்டும். முக்கியமாக, அச்சன்புதூர் ரைஸ் மில் அண்ணாச்சி. கடைவீதியில் அவருடைய மாடி காலியாகக் கிடக்கிறது. அவர் தலையசைத்தால் மற்றவர்கள் தானாக அசைப்பார்கள். ஆகவே இந்தக் கச்சேரி.

வெளியே சாரல். ஹாலில் ஜமக்காளம் விரித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் வாத்தியார் மனைவியின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இன்னொரு பக்கம் அண்ணாச்சி.

மூன்று உருப்படி, பிறகு வடை காப்பி என்று திட்டம். சாரல் ஈரத்தில் பியானோவின் சில கட்டைகள் அழுத்தினால் எழும்பவில்லை. அவற்றை நகத்தால் நிமிண்டிவிட்டுக் கொண்டே வாத்தியார் மூன்றையும் வாசித்து முடித்தார். எழுந்து குனிந்து வணங்கினார். கைதட்டினோம்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

எப்படி எழுந்திருப்பது? மங்களம் பாடவில்லையே. மங்களம் பாடினால்தானே கச்சேரி முடிந்ததாக அர்த்தம்? அதற்கு முன் எழுந்தால் வித்வானுக்கு அவமரியாதை, வீட்டுக்காரருக்கும் ஆகாது. அண்ணாச்சி சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தார்.

ஐரோப்பாவில் கதை வேறாம். முடிந்த பிறகும் சபை கைதட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், இன்னும் வேண்டும் என்று அர்த்தம். வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. நம்ப முடியாதவர் போல மனைவியைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

“இது பத்தொன்பது வயதில் எழுதியது,” என்று அந்த அம்மாள் என் காதோரம் சொன்னாள். “போட்டிக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.”

முடிந்தது. வணங்கினார். கைதட்டினோம். உட்கார்ந்திருந்தோம்.

“இது எங்கள் கல்யாணத்துக்கு எழுதியது.”

மறுபடியும் கைதட்டல், மறுபடியும் உட்கார்ந்திருந்தோம்.

“இதைப் பெரிய ஹாலில் ஒரே தடவை வாசித்தார். பாதியிலேயே ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோடு சரி. ஆனால் எழுதுவதை மட்டும் விடவில்லை.”

சமையற்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வடை ஆறிக் கொண்டிருந்தது. டாக்டர் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தூங்கினாரே தவிர எழுந்து போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி என் முழங்காலைத் தட்டினார்.

“என்னவே, மங்களம் எப்ப வரும்?”

“அவங்க ஊர்ல அந்த வழக்கமே கிடையாது போலிருக்கு, அண்ணாச்சி.”

“கிடையாதா? பின்ன எப்படி முடிப்பாவ? அதெல்லாம் இருக்கும். மனுசன் இம்புட்டு மெனக்கெட்டு வாசிக்காரு, நாம எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? பேசாம இரியும்.”

வக்கீலுக்குச் சைகை காட்டலாமா என்று திரும்பினேன். அதற்குள் அந்த அம்மாள் சொன்னாள்: “இது வேலை போன வாரம் எழுதியது. இதுவரை எனக்குக்கூட வாசித்துக் காட்டியதில்லை.”

அதற்கப்புறம் நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அந்தச் சங்கீதம் எனக்குப் பிடிபட்டது என்றால் பொய். வடை ஞாபகம் போனது நிஜம்.

அதுவும் முடிந்தது. வாத்தியார் சபையைப் பார்த்துத் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: “இவ்வளவுதான். கையில் இருந்ததை எல்லாம் வாசித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.”

மொழிபெயர்த்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் மகள் கெட்டிக்காரி, விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்று தானே மங்களம் பாடினாள். பாடி முடித்ததுதான் தாமதம், சபை மொத்தமும் வடையைத் தேடி எழுந்தது.

வாசலில் அண்ணாச்சி வக்கீலிடம் சொன்னார்: “மாடியை எடுத்துக்கிடச் சொல்லும். பாட்டு எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா ஆளு சலிக்காம வாசிச்சாருல்லா? பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவும் சலிக்க மாட்டாரு. எம் பேத்திமாரை அனுப்புதேன்.”

காரியம் ஜெயம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை வாத்தியார் குடையோடு என் ஜாகைக்கு வந்துவிட்டார்.

“அந்தப் பெண் பாடியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்களே... அது என்ன பாட்டு?”

உண்மையைச் சொல்வதா, மழுப்புவதா? ரசித்துக் கேட்கிறவன் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவான். மரியாதை தெரிந்தவன் பிடிக்காவிட்டாலும் இருப்பான். கலைஞனுக்கு இவர்களில் யார் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கடைசியில், கேட்கிற மனுஷரை ஏமாற்றக்கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவமாகத்தான் இருந்தது.

அவர் கேட்டது ஒன்றுதான்:

“ஒருவர்கூடப் போகவில்லையா?”

“ஒருவர்கூடப் போகவில்லை.”

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கியவர், பாதியில் திரும்பிச் சொன்னார்:

“தயவு செய்து அந்தப் பாட்டை மட்டும் எனக்கு யாரும் கற்றுக் கொடுத்துவிட வேண்டாம்.”