என்ன கேக்குது, சொல்லு

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத் தகட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மெல்ல இருபது எண்ணுகிறார் டாக்டர். சில்லென்று முதுகில் வைத்தால் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்வான், பிடித்த மூச்சில் ஒரு மண்ணும் தெரியாது என்பது அவர் கட்சி. இருபது ஆனதும் முதுகில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அப்படி ஒரு கல்லு முகம். பிறகு குழாயைக் காதிலிருந்து கழற்றி, பக்கத்தில் நிற்கும் பயிற்சி டாக்டரிடம் நீட்டுவார்.

"என்ன கேக்குது, சொல்லு."

இருபத்திரண்டு வருடமாக இதே பேச்சு. வைத்தியமும் இந்தக் கிளினிக்கில்தான், கல்லூரியிலிருந்து வரும் பயிற்சி டாக்டர்களுக்குப் பாடமும் இங்கேதான். நாற்பது பேருக்கு மேல் அவர் கையில் படித்துப் போய்விட்டார்கள். வந்த முதல் வாரம் யாரையும் உள்ளே சேர்க்க மாட்டார். வெளியே பெஞ்சில், இருமுகிறவர்களுக்கும் முனகுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். "முதல்ல பெஞ்சு, அப்புறம்தான் நாற்காலி. காத்துக் கெடக்கறவன் கஷ்டம் குண்டி தேஞ்சாத்தான் புரியும்" என்பார். அதனால் அவருக்கு 'பெஞ்சு டாக்டர்' என்றே பெயர்.

இருப்பது இரண்டே அறை. நடுவில் பச்சைத் திரை. எடை பார்க்கும் இயந்திரம் இரண்டு கிலோ கூடக் காட்டும். சரிசெய்யச் சொன்னால், "இருக்கட்டும், தடியனுங்க கொஞ்சம் பயப்படட்டும்" என்று விட்டுவிடுவார். ஸ்டெதாஸ்கோப் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. மகள் கல்யாணப் போட்டோவிலும் அது தொங்குகிறது. "எனக்கு முன்னாடியே கழுத்துல ஏறுன மூத்தாள் அது" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் காட்டிச் சிரிப்பார்.

அந்த அம்மாளுக்கு மட்டும்தான் சந்தேகம் உண்டு. "காலிங்பெல் அடிச்சது பக்கத்து வீட்டுக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலையா?" என்பார். "யோசனையில இருந்தேன்" என்று மழுப்புவார் இவர்.

யோசனையும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. இரண்டு வருடமாக மெல்லிய ஓசைகள் அவர் காதில் விழுவதில்லை. இதயம் தொம் தொம் என்று அடிப்பது கேட்கிறது. ஆனால் நுரையீரலின் அடியில் நீர் சேரும்போது ஒரு நொறுநொறுப்பு வரும். காதருகே நாலு முடியை விரலால் தேய்த்துக் காட்டி, "இந்தச் சத்தம்தான், மறந்துடாதே" என்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்போது தேய்த்தால் விரல் அசைவது தெரிகிறது, அவ்வளவுதான். 'என்ன கேக்குது, சொல்லு' என்பது ஒரு காலத்தில் பரீட்சை. இப்போது அதுதான் அவர் ஊன்றுகோல். கேட்கிற பிள்ளைகள் பரீட்சை என்று நினைத்துப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை அவர் தன் முடிவாகச் சீட்டில் எழுதுவார். காது போன டாக்டரிடம் யார் வருவார்கள், கல்லூரி யாரை அனுப்பும் என்ற பயம்.

இப்போது பயிற்சிக்கு வந்திருப்பவள் முப்பத்தாறு வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், பிடிவாதமாக டாக்டருக்குப் படித்தாள். டாக்டர் அவளை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் எதிர்த்த கடைத் தையல்காரர் இருமிக்கொண்டே வந்தார், அளவு நாடா கழுத்தில் தொங்க. "நம்ம ரெண்டு பேர் பொழப்பும் கழுத்துலதான் தொங்குது டாக்டரய்யா" என்றார். டாக்டர் இருபது எண்ணினார், வைத்தார், கண்ணை மூடினார். குழாயை நீட்டினார்.

"என்ன கேக்குது, சொல்லு."

வலப்பக்கம் அடியில் டீச்சரம்மாவுக்கு ஏதோ உரசுவதுபோல் இருந்தது. நிமிர்ந்து டாக்டர் முகத்தைப் பார்த்தாள். கல்லு முகம். இருந்திருந்தால் இவருக்குக் கேட்டிருக்காதா என்று நினைத்தாள். "சுத்தமா இருக்கு சார்." இருந்திருந்தால் இவளுக்குக் கேட்டிருக்காதா என்று நினைத்தார் அவர். எக்ஸ்ரே எழுதவில்லை. இருமல் மருந்து எழுதினார்.

மூன்றாம் நாள் தையல்காரர் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். இரண்டு நுரையீரலிலும் தண்ணீர், காப்பாற்ற முடியவில்லை என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில்.

இன்று காலை தையல்காரர் மனைவி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. காலர் மாற்றத் தந்திருந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டை மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"முடிச்சு வெச்சுட்டுத்தான் போனாரு டாக்டரய்யா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். பெஞ்சு டாக்டரே பாத்துட்டாரு, நீ சும்மா கெடடின்னுட்டாரு."

கோட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள்.

திரைக்கு இந்தப் பக்கம் டீச்சரம்மா ஒரு கடிதத்தை நீட்டினாள். "நான் இனிமே வரல சார். எனக்கு அன்னிக்கு ஏதோ கேட்டுச்சு. சொல்லாம விட்டுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

டாக்டர் வாங்கிப் படித்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவள் போய்விடுவாள், அடுத்த மாதம் வேறொருத்தர் வருவார், வண்டி ஓடும். அதையும் அவர் நினைத்துப் பார்த்தார், இல்லையென்று சொல்வதற்கில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்தார். குழாயை அவளிடம் கொடுத்தார்.

"என்ன கேக்குது, சொல்லு."

"டிக்டிக்னு கேக்குது சார்."

வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். நெடுநேரம் நின்றார். "எனக்குக் கேக்கல. ரெண்டு வருஷமாக் கேக்கல, டீச்சரம்மா."

கடிதத்தை நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். திரையை விலக்கிக்கொண்டு வெறுங்கழுத்தோடு வெளியே போனார்.

பெஞ்சில் பதினோரு பேர். தையல்காரர் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தவரை நகரச் சொல்லி, உட்கார்ந்தார். அவள் பதறி எழப் பார்த்தாள். டம்ளரைப் பிடித்தபடி தலை குனிந்து ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

"சத்தமா சொல்லும்மா, எனக்குக் கேக்கல" என்றார் டாக்டர், பெஞ்சு முழுவதற்கும் கேட்கும்படி. "அன்னிக்கும் கேக்கல."

தகட்டைச் சூடாக்கும் அந்த உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் சாய்ந்தார்.