மூன்று ஊரும் சம்மதித்தால்

எழில்மொழி டீச்சருக்குப் பன்னாட்டுச் சங்கம் தண்ணீர் பட்ட பாடு. திருவிடைமருதூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறாள். முதல் உலகப் போர் முடிந்ததும், இனிச் சண்டையே வேண்டாம் என்று நாடுகள் கூடி ஆரம்பித்த சங்கம் அது. முக்கியமான எதற்கும் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும், சொன்னதைச் செய்ய வைக்கப் படையும் கிடையாது, கடைசியில் படுத்துவிட்டது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே கையால்தான் வாய்க்கால் சங்கத்தின் விதியையும் எழுதினாள். வயிற்றெரிச்சலே அதுதான்.

ஒரே வாய்க்காலில் பாயும் மூன்று ஊர்களுக்கு அந்தச் சங்கம். அவளுடைய ஊர் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அவள் ஊர்க்காரர்கள் அப்பா காலம்வரை, வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர்களின் வயலில் கூலிக்குப் போனவர்கள், இப்போது சொந்த நிலம் வைத்திருக்கிறார்கள். ஓட்டு என்று வந்தால் மேலே இருக்கும் இரண்டு ஊரும் சேர்ந்து தங்களை அமுக்கிவிடும் என்று பயந்தாள். அதனால் மூன்று ஊரும் சம்மதித்தால்தான் எந்த முடிவும் செல்லும் என்று எழுதினாள். தலைமடை ஊருக்காக நடராசன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் ஆற்றில் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். கடைமடையில் சம்பா நட்ட வயல்கள் வெடித்துக் கிடந்தன. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனின் நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கும் அண்ணி செந்தாமரை தினமும் போனில் அழுதாள். மேல் ஊர்கள் மூன்று நாள் தங்கள் மடையை அடைத்தால் தண்ணீர் கீழே வந்து பயிர் பிழைத்துவிடும்.

எழில்மொழி கூட்டம் போட்டாள். நடு ஊர் சரி என்றது.

"எங்களுக்குத் தோதுப்படாது டீச்சர். இப்பதான் உரம் போட்ருக்கோம்," என்றார் நடராசன்.

"உங்க வயல்ல தண்ணி தளும்பி நிக்குதுங்க. மூணு நாள் அடைச்சா என்ன கொறஞ்சிடும்?"

"நான் ஒண்ணும் சண்டைக்கு வரலையே. சம்மதமில்லன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

எழில்மொழி பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்படியானால் இரண்டு ஊர் ஒத்துக்கொண்டாலே போதும் என்று விதியை மாற்றலாம் என்றாள். அதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை.

"மாத்தலாமே. அதுக்கும் மூணு ஊரும் சம்மதிக்கணும்ல?"

டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செந்தாமரை மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் காத்திருந்தாள். "வா எழிலு, நாமளே போயி அடைச்சிடுவோம்."

"அடிதடி வேணாம்னுதானே அண்ணி சங்கமே வச்சோம்."

"சங்கம் இல்லாத வருசமெல்லாம் நாலு பேரு மண்வெட்டியோட போயி நிப்போம். மண்டை ஒடையும். ஆனா தண்ணி வந்துச்சு எழிலு."

எழில்மொழி போகவில்லை. மறுவாரம், பயிர் கருகிப்போன அந்த வயலில் செந்தாமரையே ஆடுகளை விட்டு மேய்த்தாள்.