பூட்டுக்காரர் எட்டிப் பார்த்த திரை

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். மேஜை டிராயருக்கு ஒரு பூட்டு, சாப்பாட்டுப் பைக்கு ஒரு பூட்டு. தண்ணீர் பாட்டிலில் யாராவது குடித்துவிட்டால் தெரியவேண்டும் என்று பேனாவால் கோடு போட்டு வைக்கிற மனிதர். "என் வாய்க்கும் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்களேன்" என்பாள் மனைவி. பத்தொன்பது வருஷமாக அங்கே சர்வர்களுக்கு அவர்தான் ராஜா. யாருடைய லாகினுக்குள்ளும் அவரால் நுழைய முடியும்.

அந்த ராஜ்யத்துக்குள் ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டு, அவளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பூட்டுக்காரர்தான் எழுதித் தரவேண்டும். வந்த முதல் நாளே அவருடைய பழைய குட்டி மானிட்டரைப் பார்த்து, "இதுல எப்படி சார் வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். நம் நாற்காலிக்கு அடிபோடுகிறாள் என்று அவருக்கு அப்போதே பட்டுவிட்டது.

ஒரே டெர்மினலை, அதாவது கட்டளை தட்டுகிற திரையை, இரண்டு பேர் சேர்ந்து பார்க்க அங்கே ஒரு வசதி உண்டு. ஒருவர் தட்டுவது மற்றவர் திரையிலும் எழுத்துக்கு எழுத்து ஓடும். சிக்கல் வந்தால் சேர்ந்து சரிசெய்ய வைத்தது. பூட்டுக்காரர் அதில் 'பார்க்க மட்டும்' என்று போட்டுக்கொண்டு அவள் திரைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தார். தன் பக்கமிருந்து ஒரு எழுத்துகூடப் போகாது, பிறகு அவளுக்கு எப்படித் தெரியும்? தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கீபோர்டு சத்தம், இந்தப் பக்கம் இவர் கண்ணில் விளக்கெண்ணெய். ஆறு வாரம்!

அவள் தட்டியதை அழித்தால் எதையோ மறைக்கிறாள். தட்டாமல் இருந்தால் எதையோ யோசிக்கிறாள். எப்படி இருந்தாலும் குற்றம்தான்.

அறிக்கை தரவேண்டிய நாள் மத்தியானம், அவள் நேராக அவருடைய பேக்கப் ஸ்கிரிப்டைத் திறந்தாள். நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களைத் தினமும் நகலெடுத்து வைக்க அவர் கையால் எழுதியது. வரி வரியாகப் படித்தாள். பிறகு அதைத் தன் ஃபோல்டருக்குக் காப்பி செய்தாள்.

"மாட்டினியா!" என்று முணுமுணுத்தார். 'நம்பி வைத்துக்கொள்ள முடியாது' என்று எழுதி, மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் திரையில் புதிதாக ஏதோ இருந்தது. கட்டளை இல்லை, மனிதர் படிப்பதற்கான குறிப்பு. அவருக்குத்தான்.

"சார், நீங்க எட்டிப் பாக்கும்போதெல்லாம் என் திரை சுருங்குது. நாலு மாசமா உங்க பேக்கப்ல ஒரு படம்கூட இல்ல. யார்கிட்டயும் சொல்லல. திருத்தி என் ஃபோல்டர்ல வச்சிருக்கேன், நீங்களே எடுத்துப் போட்டுடுங்க."

இதுவும் ஒரு வலை என்றுதான் முதலில் நினைத்தார், பாவி மனுஷர். பேக்கப்பைப் போய்ப் பார்த்தார். நாள் தவறாமல் ஒரு ஃபைல் இருந்தது. நான்கு மாதமாக ஒவ்வொன்றின் அளவும் சைபர். அடுத்தவள் திரையை ஆறு வாரம் பார்த்தவர், தன் ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

மேலாளர் அறைக்கு ஓடினார். மேலாளர் அறிக்கையைப் படித்து முடித்திருந்தார். "நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. அந்தப் பொண்ணை சாயங்காலமே அனுப்பிடலாம்."

"வேண்டாம் சார். அது தப்பு."

"எப்படித் தப்பு?"

அதை விளக்கப் பூட்டுக்காரர் காலி பேக்கப்பைச் சொல்லவேண்டும், எட்டிப் பார்த்ததையும் சொல்லவேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்ன, நின்றபடியே இரண்டையும் சொன்னார். மேலாளர் அறிக்கையைக் கிழித்துப் போட்டார். "உங்களைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

அங்கிருந்து நேரே அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போனார். அவள் திரையை அவள் பக்கம் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. அகலமான மானிட்டர். அதன் ஒரு மூலையில், அவருடைய குட்டி மானிட்டர் காட்டுகிற அளவுக்கு மட்டும் எழுத்து. மீதி இடம் முழுக்க வெறும் புள்ளிகள். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால், சின்னத் திரைக்குக் கொள்கிற அளவுதான் பெரியதிலும் தெரியும். ஆறு வாரமாக அவள் அந்த மூலைக்குள்தான் வேலை பார்த்திருக்கிறாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு."

அவள் திரும்பவில்லை. புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல போய் உங்க திரையில அதை மூடிட்டு வாங்க சார்."