மலையைப் பார்த்த ஒன்பதாவது குழி

கோல்ஃப் ஆடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் ஆடுகிறேன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஐம்பத்து நான்கு வயதில், தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்துகொண்டு, திருவண்ணாமலையில் கோல்ஃப் ஆடுகிறேன் என்றால் என் மனைவியின் வீட்டார் இன்னும் சிரிக்கிறார்கள். அவர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

செங்கம் ரோட்டில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே தங்கியிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் துறந்துவிட்டதாகச் சொல்லி மௌனத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர் தன் ஊரிலிருந்து ஒரு கோல்ஃப் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வாரம் இரண்டு நாள் எப்போதும் ஒரே ஆட்டோவைப் பிடித்து, கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் இருக்கும் ஏரிக்குப் போவார். காய்ந்து கிடக்கும் தரையில் பந்து அடித்துவிட்டு வந்து மறுபடி மௌனமாகிவிடுவார். ஊருக்குத் திரும்பியபோது பையை மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார். அதை மட்டும் அவர் உண்மையாகவே துறந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் போன மறுவாரம் அந்த ஆட்டோக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தப் பை சும்மாதானே கெடக்குது? ஒரு தபா எடுத்துட்டுப் போய் அடிச்சுட்டுக் குடுத்துடறேன் சார்" என்றார்.

அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. பையை விற்றுவிடுவார் என்று பயந்து நானும் ஆட்டோவில் ஏறினேன். ஏரியில் இறங்கி, ஒரு மட்டையை உருவி, அவர் முதல் பந்தை அடித்தார். ஒரு வருஷமாக அந்தப் பெரியவருக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தபோது பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். பந்து விழுந்த இடம் வரைக்கும் நான் காலால் அளந்துகொண்டே நடந்தேன். நிலத்தை அளந்து அளந்து காலம் போனவன் நான். தூரத்தைக் கண்டு எனக்கு வியப்பு வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவருக்கு போன் போட்டுக் கூப்பிட்டேன்.

இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தோம். ஏரிக்குள் பழைய பெயிண்ட் டப்பாக்களைப் புதைத்து நான்கு குழிகள் அமைத்தோம். புறம்போக்கில் அனுமதியில்லாமல் குழி தோண்டியவன் அரசாங்க சர்வேயர் என்பது வெளியே தெரிந்தால் என் நிலைமை என்ன ஆகும் என்று தெரியாது.

எங்கள் மைதானத்துக்கு ஒரே ஒரு விதி. அதைப் போட்டவர் ஆட்டோக்காரர். மலை இருக்கும் திசையில் பந்தை அடிக்கக் கூடாது.

"கும்புடுற சாமி சார் அது. அதப் பாத்து கட்டைய ஓங்குவாங்களா?"

நான் விடுவேனா? மலை எத்தனையோ மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நம்முடைய பந்து இருநூறு கஜம்கூடப் போகாது என்றேன். அடிக்கும்போது நெஞ்சு மலையைப் பார்ப்பதில்லை, இடது தோள்தானே பார்க்கிறது என்றேன். "பந்து எங்க போவுதுனுதான் சார் கணக்கு" என்றார். எங்கள் தெருவில் ஒரு குருக்கள் இருக்கிறார், பெரிய கோயிலில் பூஜை செய்கிறவர். அவரிடமே போய்க் கேட்டேன். "அதுல ஒரு தோஷமும் இல்லை, தாராளமா ஆடுங்கோ" என்றார். குருக்களுக்கே இல்லாத கவலை உனக்கு எதற்கு என்று ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"அவரு உள்ளாற இருக்கிற சாமியப் பாத்துக்கறாரு சார். நான் வெளியில இருக்கிறவரப் பாத்துட்டேதானே டெய்லி வண்டி ஓட்றேன்" என்றார்.

கடைசியில் அவர் சொன்னபடியே நான்கு குழிகளையும் மலையைவிட்டு விலகிப் போகிற மாதிரி வரிசையாக அமைத்தோம். நாலாவது குழியில் பந்தைப் போட்டதும் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி ஆரம்பித்த இடத்துக்கு வெறுமனே நடந்து திரும்புவோம். பிறகு மறுபடி ஆட்டம். பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் நடை. உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி ஒரு கோல்ஃப் மைதானம் இருக்காது. ஆனால் காசு கிடையாது, காலர் வைத்த சட்டை வேண்டாம், உங்களைச் சிபாரிசு செய்யும் மெம்பர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு முறை ஆபீஸ் வேலையாக ஒரு பெரிய நகரத்துக்குப் போனபோது அங்கே இருந்த கோல்ஃப் கிளப்பைப் பார்க்கப் போனேன். ஆடுவதற்குக்கூட இல்லை, வேலி ஓரம் நின்று பார்ப்பதற்கு. போட்டிருந்த பனியன் சட்டையைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் என்னைத் திருப்பி அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பத்துக் கிராமத்துக்குக் காணும் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சி, அந்தப் புல்லின் மேல் யார் நிற்கலாம் என்று காலரை வைத்து முடிவு செய்கிற ஆட்களின் மேல்தான் கோபம். மட்டை பிடிக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கட்டாந்தரையில் பந்து அடித்து நிறுத்தத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன். பஞ்சு மெத்தை மாதிரி புல்லில் எவன் வேண்டுமானாலும் அடிப்பான்.

எங்களுக்கு இருந்த ஒரே பிரச்சினை மழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்துவிட்டால் ஏரி நிரம்பிவிடும். பிறகு சித்திரை வரைக்கும் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அந்த மாதங்களில் ஆட்டோக்காரர் பாதி ஆளாகிவிடுவார். ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு கையில் குடையைத் திருப்பிப் பிடித்து, இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் முன்னால் செங்கம் ரோட்டில் ஊரைத் தாண்டி ஒரு ரிசார்ட் வந்தது. ஒன்பது குழி வைத்த சின்ன கோல்ஃப் மைதானமும் உள்ளே இருந்தது. ஒரு நாள் ஆடுவதற்கு அவர்கள் கேட்ட தொகையில் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் அரிசி வாங்கும். திறந்து ஆறு மாதமாகியும் ஆளில்லை போலிருக்கிறது. ஆவணி மாதத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் தவிர யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், நுழைவுக் கட்டணம் இல்லை, முதல் பரிசு ஒரு வருஷம் இலவசமாக ஆட அனுமதி.

அந்த நோட்டீஸை ஆட்டோக்காரர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மழைக்காலத்திலும் ஆடலாம், வருஷம் முழுக்க ஆடலாம். அவர் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. போட்டிக்கு முன்னால் ஒரு தடவை மைதானத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்கப் போனோம். கட்டணம் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். பார்க்காமலேயே திரும்பினோம்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள்; எங்களுடையது கடைசி அணி. எங்களோடு சேர்ந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர். அவர் தொப்பியிலிருந்து ஷூ வரைக்கும் ஒரே வெள்ளை. வந்ததும் வராததுமாகத் தன் பையை ஆட்டோக்காரர் தோளில் மாட்டப் போனார்.

"நானும் ஆடறேங்க" என்றார் ஆட்டோக்காரர்.

அந்த மனிதர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குவதற்கு வேறு ஆளைத் தேடினார். முதல் குழியிலேயே அவருக்குப் பதில் கிடைத்தது. அங்கே புல் பேருக்குத்தான் இருந்தது. கீழே எங்கள் ஏரியைப் போல இறுகிய மண். வெள்ளை உடுப்புக்காரரின் பந்து குதித்துக் குதித்து முள்ளுக்குள் போனது. ஆட்டோக்காரர் பந்தைத் தாழ்வாகத் தட்டி உருட்டிக்கொண்டே போனார். எட்டுக் குழி முடிந்தபோது எங்களுக்கு முன்னால் ஆடி முடித்திருந்தவர்கள் ஒருவரும் எங்கள் கணக்கை நெருங்கவில்லை. குறைந்த தடவை அடித்து முடிப்பவருக்குத்தான் வெற்றி; அந்தக் கணக்கில் ஆட்டோக்காரர் முதலில். அவரைவிட மூன்று அடி கூடுதலாக அடித்து இரண்டாவதாக நான். வெள்ளை உடுப்புக்காரர் எங்கேயோ பின்னால்.

ஒன்பதாவது குழிக்கு வந்தோம். இரண்டு பக்கமும் தென்னங்கன்று நட்டு, நடுவில் ஒரு நீளமான பாதை. பாதையின் கடைசியில் கொடி. கொடிக்கு நேர் பின்னால், அளந்து வைத்த மாதிரி, மலை. சாயங்கால வெயிலில் செக்கச்செவேலென்று நின்றது. இந்தக் குழிதான் அந்த ரிசார்ட்டுக்கே பெருமை. போட்டோ எடுப்பதற்கென்று ஒரு மேடைகூடக் கட்டியிருந்தார்கள். மேனேஜர் அங்கே நின்றுகொண்டு எங்களை வரவேற்றார்.

ஆட்டோக்காரர்தான் முதலில் அடிக்க வேண்டும். பந்தை வைத்தார். நிமிர்ந்தார். மலையைப் பார்த்தார். பிறகு பந்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு, தென்னங்கன்றுகளைத் தாண்டிப் பக்கத்துக் குழியின் பாதைக்குள் அடித்தார்.

"யோவ், என்னய்யா பண்ற? ஆறு அடிச்சாக்கூட உனக்குத்தான்யா! ஒரு வருஷம்யா!" என்று கத்தினேன்.

"தெரியும் சார்" என்றார்.

"அப்புறம் என்னய்யா?"

"நேரா அதப் பாத்து எப்படி சார் அடிக்கறது? என்னால ஆவாது சார்."

பெங்களூர்க்காரர் சிரித்தார். அவர் பல்லைத் தட்டியிருப்பேன். தட்டவில்லை, ஏனென்றால் அதற்குள் என் மூளை வேறு வேலையில் இறங்கிவிட்டது. மலைக்கு நேரே போகாமல் கொடிக்குப் போக வேண்டுமானால் முக்கோணத்தின் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும், நான் மூன்றாவது பக்கத்தில் நேரே போகலாம். அவருக்கு ஒன்பது அடியாவது ஆகும். நான் ஐந்தில் முடித்தால் போதும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நீங்க அடிங்க சார். உங்களுக்குத்தான் அதுல நம்பிக்கை இல்லையே" என்றார் ஆட்டோக்காரர். குத்திக்காட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உண்மையிலேயே வழிவிட்டார்.

நம்பிக்கை இல்லாதவன்தான் நான். ஆனாலும் மட்டையை ஒரு தடவை தூக்கிவிட்டுக் கீழே இறக்கினேன். நாலு வருஷம் அந்தப் பக்கம் ஓங்கியதே இல்லை. ஓங்கினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு அடி அடித்ததில்லை. பந்து பாதையின் நடுவிலேயே போய் விழுந்தது.

"சூப்பர் சார்!" என்று ஆட்டோக்காரர் கைதட்டினார்.

பக்கத்துப் பாதையில் மலைக்கு நேராக இல்லாமல் சாய்த்துச் சாய்த்து அடித்து ஏறி, கொடியையும் தாண்டிப் போய், மலையைப் பின்னால் விட்டுத் திரும்பி வந்து பந்தைக் குழிக்குள் தள்ள அவருக்கு ஒன்பது அடி ஆனது. நான் ஐந்தில் முடித்தேன். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

மேனேஜர் ஓர் அட்டையும் பேனாவும் எடுத்து வந்தார். அட்டையில் பேருக்கு ஒரு கோடு போட்டு விட்டிருந்தார்கள்.

"சார், எந்தப் பேர வேணும்னாலும் போட்டுக்கலாம். ஃபேமிலில யாராச்சும், ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும். ஆனா ஒரே பேருதான், அப்புறம் மாத்த முடியாது. யார் பேரு போடட்டும்?"

ஆட்டோக்காரர் இரண்டு எட்டு தள்ளி நின்று என் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கேட்டது அவர் காதில் விழுந்திருக்கும். அவர் நிமிரவில்லை. இத்தனை நேரம் கிளப்புக்காரர்களையும் பணக்காரர்களையும் வெள்ளைச் சட்டைக்காரரையும் திட்டி எழுதினேனே, அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த அட்டை வேண்டும் என்று இருந்தது. என் பேரைச் சொன்னேன்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் ஓடியது. வயல்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், எங்கள் நான்கு பெயிண்ட் டப்பாக்களும் தண்ணீருக்கடியில் போயின. ஆட்டோக்காரருக்கு என் மேல் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டையாவது போட்டிருக்கலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உள்ள இப்ப புல்லு எப்படி சார் இருக்குது?" என்று கேட்டார்.

"சுமார்தான்யா. நான் அந்தப் பக்கம் போறதே இல்ல" என்றேன்.

மழைக்குப் பிறகு புல் பிரமாதமாக வளர்ந்திருந்தது. அன்று காலையில்தான் ஒன்பது குழியையும் இரண்டு சுற்று ஆடிவிட்டு வந்திருந்தேன்.