முருகம்மாளின் செல்போனும் திறக்காத வீடியோவும்

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் செந்தூர்பாண்டி பதினெட்டு வருஷமாக போர்மேன். அவருக்கு இரண்டே சட்டம். உள்ளே செல்போன் போகக்கூடாது. தேவையில்லாத சாமான் எதுவும் கண்ணில் படக்கூடாது. தினமும் காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவர் செல்லையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். மீறினால் யாராக இருந்தாலும் வெளியேதான்.

அப்படித்தான் சனிக்கிழமை முருகம்மாள் வெளியே போனாள். மருந்து கலக்கும் அறைக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவளுடைய செல் கிடந்தது. "உங்க கையிலதானண்ணே குடுத்தேன்" என்று அழுதாள். "பொய் சொல்லாத, கெளம்பு" என்று விரட்டிவிட்டு, செல்லைத் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதலாளி லேசில் விடவில்லை. "புருசன் இல்லாத பிள்ளை. கேமராவப் பாத்துட்டு யாரு தப்புன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொண்டாங்க. தப்பு அவ மேலன்னா திங்கக்கிழமை வேற ஆள் போட்டுருவேன்" என்று பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அந்தச் சனியன் பிடித்த வீடியோ திறந்தால்தானே! அமுக்கினால் ஒரு கறுப்புப் பெட்டி வந்து, முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மறைகிறது. பதினைந்து தடவை அமுக்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான் என்று ஃபைல் பேருக்குப் பின்னால் எம்பி ஃபோர் என்று மாற்றிப் பார்த்தார். அதே கறுப்புப் பெட்டி.

"பேர மாத்துனா ஆளு மாறிருமாப்பா?" என்றாள் மகள் ரோஷினி.

"ஒன் காலேஜுக்குன்னு வாங்குன கம்ப்யூட்டர்தான இது? எதுக்குத்தான் லாயக்கு!"

"பென்டிரைவுல இந்த ஒரு ஃபைல்தான் இருந்துச்சா?"

"இன்னொன்னு கெடந்துச்சு. எதுக்குச் சும்மா அடைச்சுக்கிட்டுன்னு நேத்தே அழிச்சிட்டேன்."

ரோஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அப்பா, அதுதான் பிளேயர்! கேமரா வீடியோ அதுல மட்டுந்தான் ஓடும். வீட்டையும் பேக்டரி மாதிரியே கூட்டிப் பெருக்குவீகளா?"

கேமரா மாட்டிய முனியராஜுக்கு ஐந்து தடவை போன் போட்டார். ஆறாவது தடவை எடுத்து, "காரியாபட்டியில கல்யாணப் பந்தியில இருக்கேண்ணே, லிங்க் அனுப்புதேன்" என்றான். லிங்க் வந்தது. தொண்ணூறு சதம் இறங்கும்போது கரண்ட் போனது. செந்தூர்பாண்டிக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பார். ரோஷினி பிடுங்கி வைத்துக்கொண்டாள். கரண்ட் வந்து, மறுபடி முதலிலிருந்து இறக்கி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது.

வீடியோ ஓடியது. "இப்பப் பாரு அவ பவுசை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கேட்டில் கடைசி ஆளாக வந்த முருகம்மாள் செல்லை நீட்டுகிறாள். பெட்டி பூட்டியிருக்கிறது. செந்தூர்பாண்டி சாவியைத் தேடிப் பார்க்கிறார், கிடைக்கவில்லை. செல்லைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடக்கிறார். தொட்டியில் கை கழுவக் குனிகிறார். செல் தண்ணீரில் விழாமலிருக்க எடுத்துச் சுவரில் வைக்கிறார். லோடு லாரி வருகிறது. கையை ஆட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்.

"அப்பா, அது நீங்கதான?"

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அப்போதும் அவர்தான். அத்தனை பேர் முன்னால் அவளை அழவைத்ததை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

தாளை எடுத்து, 'செல்போனை உள்ளே கொண்டுபோனது போர்மேன் செந்தூர்பாண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்ல முருகம்மாள் நம்பருக்கு அடித்தார்.

ஆணியில் தொங்கிய அவருடைய பைக்குள் மணி அடித்தது.

செந்தூர்பாண்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆமத்தூரில் அவள் வீடு எந்தத் தெருவென்று விசாரிக்கக் கிளம்பினார்.