கிரேனுக்கு வலித்த கதை

என் தங்கச்சி வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த குடோனில் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் அவரோடு சேர்ந்து சுமை தூக்கியவர்கள். பலன் அடைந்தவர் முதலாளி. நிஜக் கிரேன் வாங்கினால் எண்ணெய் ஊற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும். எங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு ‘சபாஷ்’ ஊற்றினால் போதும், அன்று முழுக்க ஓடுவார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய ஃப்ரிட்ஜை, பட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் பலகை மேல் நடந்து லாரியில் ஏற்றிவிடுவார்.

அவர்கள் வம்சமே அப்படி. அவருடைய அப்பா, அதாவது என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பல்வலியோடு வருடக்கணக்கில் திரிந்து, கேட்டவர்களிடமெல்லாம் “ஒண்ணுமில்லை” என்று சொல்லியே கடைவாய்ப் பல் முழுவதையும் பறிகொடுத்தவர். அவருடைய சித்தப்பா காலில் ஏறிய ஆணியோடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினார். வலி என்பது பெண் எடுத்த வீட்டுக்காரர்களுக்கு வரும் வியாதி என்று அந்தக் குடும்பத்தில் ஒரு நினைப்பு.

குடோனில் தள்ளுவண்டி இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நீலச் சாயம் அடித்த, ரப்பர் சக்கரம் போட்ட, அருமையான வண்டி. சூப்பர்வைசர் அறையில் துணி போர்த்திப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே எடுத்துச் சாமான் ஏற்றினால் கீறல் விழுமே. அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் அதை வெளியே கொண்டுவந்து, துடைத்து, வாசலில் நிறுத்துவார்கள். வந்தவர் பார்த்து, மெச்சி, எழுதிக்கொண்டு போவார். வண்டி மறுபடி உள்ளே போய் ஓய்வெடுக்கும். அந்தக் குடோனில் ஓய்வு என்ற ஒன்றை முழுசாக அனுபவித்தது அந்த வண்டி மட்டும்தான்.

ஒரு மழை நாளில் பலகை ஈரமாக இருந்தது. கால் வழுக்கி மாப்பிள்ளை விழ, ஃப்ரிட்ஜ் அவருடைய வலது தோளில் சாய்ந்தது. ஃப்ரிட்ஜுக்குக் கதவில் சின்ன நசுங்கல். சூப்பர்வைசர் பதறி ஓடிவந்து அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தாராம்.

தோளில் தசை கிழிந்து ஆபரேஷன் ஆனது. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு மானேஜர் ஆப்பிள் பையோடு வந்து, “நாமெல்லாம் ஒரே குடும்பம்ப்பா” என்று கண் கலங்கினார். நான் நாலு தலைமுறை உறவை விரல் விட்டுச் சொல்லக்கூடியவன். இவர் எந்தக் கிளையில் வருகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாதம் சம்பளம் நின்றபோது புரிந்தது. பங்கு கேட்டால் மட்டும் தூரத்துச் சொந்தமாகிவிடுகிற கிளை.

தூக்குவதைத் தவிர மாப்பிள்ளைக்கு வேறு தொழில் தெரியாது. மகள் அப்போதுதான் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். இழப்பீடு வந்தால் படிப்பு நடக்கும். வராவிட்டால் அவள் புத்தகத்தை மூடிவிட்டு ஏதாவது கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

யோசனை சொல்லச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கோர்ட்டு விவகாரமெல்லாம் அத்துப்படி என்று என் பெரியப்பாவின் இரண்டாவது மருமகன் முன்னால் நின்றான். உண்மைதான். வாய்க்கால் வரப்பிலிருந்து விவாகரத்து வரைக்கும் எல்லா வழக்கிலும் தோற்ற அனுபவம் அவனுக்கு உண்டு. முதலாளி காலில் விழுவதே நல்லது என்றான். என் தங்கச்சி அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, சலவைக் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இஸ்திரி வாசனை அடிக்கும் அறை அது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஓடாத காற்றாடி. வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில் அடிபட்டிருக்கிறது, இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் வண்டி இருந்தும் இவர் வேண்டுமென்றே தொடவில்லை என்றுதான் அவர்கள் சாதிப்பார்கள், தோளுக்கு அவ்வளவு சேதமில்லை என்றும் சொல்வார்கள் என்றார். பிறகு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

“டாக்டர் கேக்கறப்ப எது முடியலையோ அதை முடியலைன்னு சொல்லுங்க. பொய்யும் வேணாம். வீரமும் வேணாம்.”

மாப்பிள்ளை தலையாட்டினார். தலையாட்டுவதில் அந்த வம்சத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

கேஸுக்காகத் தோளைப் பரிசோதித்த டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தது போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க வியர்க்க, தலைக்கு மேலே தூக்கிவிட்டார் எங்கள் கிரேன். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்லை சார்.” வாசலில் நின்ற என் தங்கச்சி கண்ணாலும் கையாலும் சைகை காட்டிக் களைத்துப்போனாள். கை நன்றாக உயர்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தார். அப்படியும் பெருமை விடவில்லை.

“எப்படித் தூக்கினேன் பாத்தீங்களா மச்சான்?”

“பாத்தேன் மாப்ளே. கேஸையும் சேத்துத் தூக்கிட்டீங்க.”



தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரி முன்னால் விசாரணை நடந்த அன்று குடோன் ஆட்கள் கூட்டமாக வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல், இவருடைய பட்டப்பெயரையே ஆதாரமாக எடுத்து வைத்தார். பலத்தைக் காட்டும் ஆசையில், கொடுத்த வண்டியை ஒதுக்கிவிட்டுத் தானாக வம்பை விலைக்கு வாங்கியவர் என்றார். எங்கள் பக்கத்துச் சாட்சி, குடோனில் ‘நெட்டை’ என்று கூப்பிடும் ஆள். மாப்பிள்ளையோடு ஒரே லாரியில் ஏற்றி இறக்கியவன், அவருக்காக உயிரையே கொடுப்பான். உயிரைக் கேட்டிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. பேச அல்லவா கேட்டார்கள்.

“இவரை மாதிரி ஆள் பொறந்துதான் வரணும் சார்” என்று ஆரம்பித்தான். ரெண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக முடிப்பார், பட்டை இல்லாமலும் தூக்குவார், ஒரு தடவை இன்னொருத்தன் பாரத்தையும் சேர்த்துத் தூக்கினார் என்று அடுக்கிக்கொண்டே போனான். சிநேகிதனுக்கு நல்லது செய்கிறோம் என்ற பூரிப்பு அவன் முகத்தில். எங்கள் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனி வக்கீலுக்கு உச்சி குளிர்ந்துபோனது. “அப்போ இவருக்கு வண்டியே தேவையில்லைங்கறீங்க?”

“இவருக்கு எதுக்குங்க வண்டி?”

அதோடு அந்த மனிதர் உட்கார்ந்திருக்கலாம். ஜெயித்த ருசியில் இன்னொன்று கேட்டார். “வண்டி அங்கேயே இருந்தும் இவர் தொட்டதுகூட இல்லை. சரிதானே?”

நெட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் சிநேகிதனைச் சோம்பேறி என்று சொல்வதாக நினைத்துக்கொண்டான். “யாரு சொன்னது தொடலைன்னு? ஆபீசர் வர்றப்பெல்லாம் இவர்தாங்க தொடைப்பார். இவர் தொடைச்சா அதுல மூஞ்சி பாக்கலாம்.”

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார். “ஆபீசர் போனப்புறம்?”

“பூட்டிருவாங்க சார். கீறல் விழுந்திரும்ல.”

கம்பெனி வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

வண்டி விவகாரம் அங்கே தீர்ந்தது. மிச்சம் இருந்தது டாக்டர் எழுதியது. கை தலைக்கு மேல் போகிறதாமே, அதை இங்கே ஒருமுறை தூக்குங்கள் என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். பின்னால் அவரைக் கிரேன் என்று கூப்பிட்ட அத்தனை பேரும் இருந்தார்கள். அவருடைய தாடை இறுகியதை நான் பார்த்தேன். அது அவருடைய அப்பாவின் தாடை. என் தங்கச்சி இந்தத் தடவை சைகை எதுவும் காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார். மார்புக்கு நேராக வந்ததும் நிறுத்திவிட்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார். அன்னைக்கு டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். அன்னைக்கும் வலிச்சது, இப்பவும் வலிக்குது. சட்டைக்குப் பட்டன் என் பொண்டாட்டிதான் போட்டு விடறா. என்னால முடியலை.”

பின் பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. நெட்டை தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் விசாரணையில் தெரிந்ததைத்தான் எழுதினார். இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தது. ‘ஒரே குடும்பம்’ உடனே மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கொடுக்காமல் இருப்பதற்காகப் பெரிய பெரிய வக்கீல்களுக்குக் கொடுத்தது. தாராள மனசு, கை மட்டும் வேறு பக்கம் நீளும். வக்கீலம்மா அங்கேயும் விடவில்லை. பணம் வந்து சேர்ந்தபோது மகள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை என் தங்கச்சி சலவைக் கடையில் இஸ்திரி போட்டு ஓட்டினாள். பெரியப்பா மருமகன் வந்து, தான் அன்றைக்குச் சொன்ன யோசனைதான் பலித்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது மாப்பிள்ளை ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். விடுமுறை நாளில் வக்கீலம்மா அறைக்குப் போய்விடுகிறார். கூலி கிடையாது, டீ உண்டு. அடிபட்டு வருகிறவர்களை முதலில் இவரிடம்தான் உட்கார வைக்கிறார் அந்த அம்மா.

போன வாரம் நானும் போயிருந்தேன். வெல்டிங் வேலை பார்க்கிறவர் ஒருத்தர், என் வயதுக்கு நெருக்கம், முழங்கையில் கட்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளை விசாரித்தார்.

“ஒண்ணுமில்லைங்க. லேசா இருக்கு.”

மாப்பிள்ளை எழுந்து போய் அந்தக் கட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. மனிதர் “அய்யோ அம்மா” என்று சுருண்டுவிட்டார்.

“ஆங்” என்றார் மாப்பிள்ளை. “டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க.”