சைக்கிள் கொட்டகைக் குழாய்

தொழிற்சாலையில் அவளை ‘துப்பாக்கி அக்கா’ என்பார்கள். தொற்று பரவிய பிறகு ஒட்டிய பெயர் அது. அதற்கு முன் பதினொரு வருஷம் அங்கே கழிப்பறை கழுவினாள். அப்போது அவளை ‘ஏம்மா’ என்பதைத் தாண்டி எவரும் கூப்பிட்டதில்லை.

இப்போது காலை ஏழரைக்கு வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்டுகிறாள். நூறைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் போன பிறகு பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் மெயின் சுவிட்சைப் போடுவார்கள். மேலிடத்து உத்தரவு அப்படி.

பெண்கள் வரிசையில் அவளுக்குப் பாதி வேலை மிச்சம். “அக்கா, சின்னவளுக்கு நேத்துலேருந்து உடம்பு கொதிக்குது, நான் உள்ள வரல” என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊரே படுத்தாலும் தலைமாட்டில் உட்காரப்போவது தாங்கள்தான் என்று அறிந்தவர்கள்.

ஆண்கள் வரிசைதான் வில்லங்கம். “எனக்கெல்லாம் வந்தா கிருமிதான் சாகும்” என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஆனால் வரிசைக்கு வருமுன் ஒருவர் விடாமல் சைக்கிள் கொட்டகைக் குழாயில் முகம் கழுவுவார்கள். ஒரு மாதம் அவள் அதைச் சுத்தம் என்றே நம்பினாள். “ஆம்பளைங்களைப் பார்த்துக் கத்துக்குங்கடி” என்று பெண்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்னையே அறையத் தோன்றும்.

அன்று காலை அவள் புருஷன், அதே தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவன், இருமிக்கொண்டே கைக்குட்டையை நனைத்துத் தொப்பிக்குள் மடித்து வைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

“எதுக்கு அது?”

“வெயிலுக்கு.”

ஏழு மணிக்கு ஏது வெயில்? நனைத்த நெற்றியில் துப்பாக்கி காய்ச்சலைக் காட்டாது; ஒரு மாதமாக ஈர நெற்றிகளுக்குக் கணக்கு வைத்த முட்டாள்தனம் மொத்தமும் அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. அந்த வாரம் மேஸ்திரி பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள்; ஒரு நாள் லீவு போட்டாலும் பெயர் அடிபடும். அவன் மெஷினுக்கு அடுத்த அறையில்தான் அவள் தங்கை பெட்டி ஒட்டுகிறாள், எட்டு மாத வயிற்றோடு.

“இன்னைக்கு வராதீங்க.”

“உன் வேலையப் பாருடி.”

வாசலில் அவன் முறை வந்தது. தொப்பியைக் கழற்றிக் குளிர்ந்த நெற்றியை நீட்டினான். அவள் துப்பாக்கியை இறக்கி, காதுக்குக் கீழே கழுத்தில் வைத்தாள். நூற்றொன்றரை.

“வீட்டுக்குப் போங்க.”

“வீட்டுச் சண்டைய வாசலுக்குக் கொண்டு வர்றியா?”

வரிசை சிரித்தது. “அண்ணே, ராத்திரி சமாதானம் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல!” என்றான் ஒருவன்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். “நெத்தியிலதான் பாக்கணும்னு எழுதியிருக்கு. பொண்டாட்டி கோபத்துக்கெல்லாம் ஆளை நிறுத்த முடியாது. நீ போப்பா.”

அவன் அவளை இடித்துக்கொண்டே உள்ளே போனான். அவள் பதிவேட்டை மூடி, நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“கையெழுத்துப் போடும்மா.”

“எல்லாருக்கும் கழுத்துல பாத்துட்டுப் போடுறேன் சார். உங்களையும் சேர்த்துத்தான்.”

மேனேஜரின் கை தன்னை அறியாமல் காலர் பட்டனைத் தேடிப் போட்டது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அரைமணி நேரம் ஒரு மெஷினும் ஓடவில்லை. கடைசியில் முணுமுணுத்தபடி ஆண்கள் திரும்பி வந்து கழுத்தை நீட்டினார்கள். நான்கு பேருக்கு நூறுக்கு மேல். அவள் புருஷன் ஐந்தாவது.

சைக்கிளை எடுக்கும்போது அவன் கத்தினான். “வீட்டுக்கு வா. இருக்கு உனக்கு.”

“வாசல்லயே நில்லுங்க. அங்கயும் கழுத்துலதான் பாப்பேன்.”

கரண்ட் வராமல் இருட்டாகக் கிடந்த பெட்டி அறையிலிருந்து வெளியே வந்திருந்த தங்கை அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். “மாமாவோட பதவியக் கெடுத்துட்ட. எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லிடாத.”

அவள் பதிவேட்டை எடுத்து விரித்தாள். கையெழுத்தைப் போட்டாள். பிறகு கொட்டகைக்கு நடந்து, குழாயின் பிடியை முறுக்கிக் கழற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.